வீட்டிலுள்ள துப்பாக்கியும் சிறு குழந்தைகளும்

கூட்டுறவுச் சங்கத்தின் மாத இதழில் துப்பாக்கியைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று அங்கத்தினர்கள் சிலர் வியப்படையக்கூடும். கடன் தவணை, வட்டிச் சலுகை, நூல் கொள்முதல், உர விநியோகம் ஆகியவற்றைப் பற்றி எழுதுவதே கூட்டுறவு ஆய்வாளரின் வேலை என்பது மெய்தான். ஆயினும், சென்ற பிசானப் பருவத்தில் பயிர்க்கடன் மனுக்களைப் பரிசீலிக்கும் பொருட்டுக் கல்லிடைக்குறிச்சிக்குத் தெற்கே மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றபோது நாம் கண்ட ஒரு காட்சி, இதை எழுதும்படி நம்மைத் தூண்டிற்று.

அங்கத்தினர் வீட்டில் நம்மை அமரச் செய்து மோர் கொடுத்தார்கள். அடங்கல் நகலை எடுத்துவர அவர் உள்ளே சென்றார். கதவுக்குப் பின்புறம் ஓர் ஆணியில் பழைய துப்பாக்கி ஒன்று வாரினால் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அடிக்கட்டை தரையிலிருந்து இரண்டு முழ உயரத்துக்கு மேல் இராது. அதே கதவைப் பற்றிக்கொண்டு அவருடைய நான்கு வயதுப் பேரன் முன்னும் பின்னுமாக ஊஞ்சலாடிக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, இதில் மருந்து இருக்கிறதா?" என்று கேட்டோம்.

"இருக்கத்தான் செய்கிறது ஐயா. ராத்திரி பன்றி வந்தபிறகு கெட்டித்துக்கொண்டிருக்க முடியுமா? ஆனால் பேரன் தொடமாட்டான். நன்றாகச் சொல்லிவைத்திருக்கிறேன்" என்றார்.

அவர் சொன்ன அந்தக் கடைசி வார்த்தையைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில், நம் பகுதியில் துப்பாக்கி எப்படி வீட்டுப் பொருளாயிற்று என்பதைச் சிறிது கூறுவோம். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்திலும் மணிமுத்தாறு அணையின் கீழும் நெல்லும் வாழையும் பயிரிடுகிற அங்கத்தினர்களுக்குக் காட்டுப்பன்றியைப் பற்றி நாம் விவரிக்க வேண்டியதில்லை. ஈன்ற வாழையின் அடியை ஒரே இரவில் ஒரு கூட்டம் கிளறிப் போட்டுவிட்டால், அதன் மேல் வாங்கிய கடனின் தவணை எங்கிருந்து வரும் என்பது நமக்கும் தெரிந்த கணக்குத்தான். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டமும் இதைக் கருத்திற்கொண்டே இயற்றப்பட்டது. அதன் 13ஆவது பிரிவு, உண்மையாகவே பயிர்ப் பாதுகாப்புக்காக வேண்டுவோருக்கு, குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இடமளிக்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் மட்டுமே வேறு வகை மழுங்கு குழல் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். ஆகவே, பயிர்க்காவல் என்று சொல்லி வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் இந்த வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியே. நகரத்துச் செல்வர்களின் கைத்துப்பாக்கியைப் பற்றிய அறிவுரைகள் அப்படியே இதற்குப் பொருந்தா.

எப்படிப் பொருந்தா என்பதைச் சற்று விளக்கவேண்டும். தோட்டா போடும் ஒற்றைக் குழல் துப்பாக்கியானால், அதை மடக்கித் திறந்த மாத்திரத்தில் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். இருந்தால் எடுத்து வைத்துவிடலாம். வாய்வழித் துப்பாக்கியிலோ, கரிமருந்தைக் கொட்டி, அதன்மேல் அடைப்பை இறுக்கி, ரவையைப் போட்டு, மீண்டும் அடைப்பு வைத்துக் கம்பியால் கெட்டித்த பிறகு, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெறுங்குழலும் கெட்டித்த குழலும் ஒன்றுபோலவே தோன்றும். கெட்டித்ததைத் திரும்ப எடுப்பதும் எளிதன்று. சுட்டுத் தீர்க்க வேண்டும். அல்லது திருகு முனையுள்ள கம்பியைக் கொண்டு, பழகிய கை ஒன்று அடைப்பை மெல்ல இழுக்க வேண்டும். இந்தச் சிரமத்தை உத்தேசித்தே பலர் கெட்டித்தபடியே நாட்கணக்கில், சில சமயம் பருவக்கணக்கில் கூடத் துப்பாக்கியைத் தொங்கவிட்டுவிடுகிறார்கள். கேப்பை மட்டும் எடுத்துவிட்டால் ஆபத்தில்லை என்று எண்ணுவோரும் உண்டு. கேப் இல்லாமல் குதிரை விழுந்தால் வெடிக்காது என்பது பொதுவாகச் சரியே. ஆனால் குழலுக்குள் இருப்பது தீப்பொறி பட்டால் எரியும் கரிமருந்து. கேப்போ அதே வீட்டில், பெரும்பாலும் அதே ஆணியில் தொங்கும் பையிலேயே இருக்கிறது.

அந்தக் கேப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீபாவளி வந்தால் நம் ஊர்ச் சிறுவர் கைகளிலெல்லாம் விளையாட்டுத் துப்பாக்கி. சுருள் கேப்பை அதில் மாட்டி, எதிரே நிற்கும் அண்ணனையோ தங்கையையோ குறிபார்த்து விசையை இழுப்பதும், சுடப்பட்டவர் பொய்யாக விழுந்து மறுபடி எழுந்து சிரிப்பதும் ஆண்டுதோறும் காணும் வேடிக்கை. இதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் துப்பாக்கி என்பது மனிதரை நோக்கிப் பிடிக்க வேண்டிய பொருள் என்றும், விசையை இழுத்தால் "டப்" என்ற ஓசையைத் தவிர வேறொன்றும் நேராது என்றும் குழந்தை மூன்று வயதிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறது. நாம் ஒருமுறை "தொடாதே" என்று சொன்ன சொல், பல தீபாவளிகளின் பாடத்தை எதிர்த்து நிற்கவேண்டியிருக்கிறது.

நிற்கிறதா என்பதை அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து மருத்துவர்கள் சோதித்துப் பார்த்து, 2001ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள 64 சிறுவர்கள். இருவர் மூவராக 29 குழுக்களாய்ப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஓர் அறையில் பதினைந்து நிமிடம் தனியே விட்டார்கள். அவ்வறையின் இழுப்பறை ஒன்றில், தோட்டா நீக்கிய உண்மைத் துப்பாக்கியை மறைத்து வைத்திருந்தார்கள். 21 குழுக்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டன. அவற்றில் 16 குழுக்களின் சிறுவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். பத்துக் குழுக்களில் விசை இழுக்கப்பட்டது. கண்ட சிறுவரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதை விளையாட்டுப் பொருள் என்று எண்ணினார்கள், அல்லது மெய்யா பொய்யா என்று ஐயுற்றார்கள். நாம் அங்கத்தினர்களின் கவனத்துக்கு முக்கியமாகக் கொண்டுவர விரும்புவது வேறொன்று. துப்பாக்கியை எடுத்த சிறுவரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல், துப்பாக்கியைப் பற்றி ஏற்கெனவே எச்சரிக்கை பெற்றவர்கள். அதாவது, "நன்றாகச் சொல்லிவைத்திருக்கிறேன்" என்று அவர்களுடைய வீட்டாரும் சொல்லியிருப்பார்கள். பன்னிரண்டு வயதுப் பையனிடமே பலிக்காத சொல் நான்கு வயதுப் பேரனிடம் பலிக்கும் என்று நம்புவதற்கு இடமில்லை.

அப்படியானால் பலிப்பது எது? இதற்கும் அந்நாட்டிலேயே விடை தேடினார்கள். வீட்டுத் துப்பாக்கியால் சிறுவரும் இளைஞரும் அடிபட்ட வீடுகளையும், துப்பாக்கி இருந்தும் அவ்வாறு நேராத வீடுகளையும் ஒப்பிட்டு 2005இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று நான்கு பழக்கங்களைக் குறிப்பிட்டது. துப்பாக்கியைப் பூட்டி வைத்தல், அதை வெறுமையாக வைத்தல், தோட்டாவைப் பூட்டி வைத்தல், தோட்டாவைத் துப்பாக்கியோடு சேர்க்காமல் வேறிடத்தில் வைத்தல் என்பவையே அவை. இந்த நான்கில் ஒவ்வொன்றும் விபத்து குறைவதோடு தொடர்புடையதாகக் காணப்பட்டது. அங்கே துப்பாக்கி மலிவு, இங்கே அரிது என்பது மெய்யே. ஆனால் பூட்டின் வேலை எங்கும் ஒன்றுதான்.

இனி, நம் வீடுகளில் இந்த நான்கையும் நடத்துவது எப்படி என்று பார்ப்போம்.

கெட்டித்த துப்பாக்கியை வீட்டு வாசற்படிக்குள் கொண்டுவரலாகாது. இதுவே தலையாயது. வயற்காவல் முடிந்து திரும்பும் முன்பே துப்பாக்கி வெறுமையாக வேண்டும். அதற்கான முறையைத் துப்பாக்கி விற்கும் உரிமம் பெற்ற கடைக்காரரிடமோ, பழகிய கையிடமோ நேரில் கற்றுக்கொள்ள வேண்டுமேயன்றி, இக்கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் தாமே முயலவேண்டாம். குழல் வெறுமையாக இருக்கிறதா என்பதை அறிய ஒரு பழைய வழி உண்டு. வெறுங்குழலில் கெட்டிக்கும் கம்பியை அடிவரை விட்டு, குழலின் வாய்க்கு நேரே கம்பியில் ஓர் அடையாளம் வெட்டிவைத்துக்கொள்ள வேண்டும். பிறகு எப்போது சோதித்தாலும், அந்த அடையாளம் வாய்க்கு மேலே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். சோதிக்கும்போது கேப் நீக்கப்பட்டிருக்க வேண்டும். குழலின் வாய் எவரையும், சோதிப்பவரையுங்கூட, நோக்கியிருக்கலாகாது. தோட்டாத் துப்பாக்கி வைத்திருப்போருக்கு வேலை இன்னும் சுலபம். மடங்கும் வகை ஒற்றைக் குழல் துப்பாக்கியைக் குழல் வேறு, கட்டை வேறாகக் கழற்றி, இரண்டையும் தனித்தனியே வைக்கலாம்.

அடுத்தது பெட்டி. நாம் பார்த்தவரையில், துப்பாக்கியை "மறைத்து" வைப்பவர்களே மிகுதி. பரண் மேல், பத்தாயத்துக்குப் பின்னால், பீரோவின் தலையில், கட்டிலின் அடியில் என்று இடங்களை அடுக்குகிறார்கள். மறைப்பது வேறு, பூட்டுவது வேறு. நாம் பிள்ளைகளாக இருந்த காலத்தில் ஆச்சி பரணில் மறைத்துவைத்த முறுக்குத் தூக்கு எங்கே இருக்கிறது என்பது நமக்குத் தெரியாமலா இருந்தது? தேக்கிலோ இரும்பிலோ, குழலின் முழு நீளத்துக்கும் இடமளிக்கும் பெட்டியைச் செய்வித்து, சுவரோடும் தரையோடும் சேர்த்து முடுக்கி, நல்ல பூட்டு ஒன்று போட்டுவிட வேண்டும். அதற்கு இயலாதவர்கள், விசைக்காப்பு வளையத்தின் ஊடே சங்கிலியைச் செலுத்திச் சுவரில் பதித்த இரும்பு வளையத்தோடு பூட்டலாம். ஆனால் இது வெறுமையான துப்பாக்கிக்கு மட்டுமே தகும். கெட்டித்த துப்பாக்கியின் விசையருகே சங்கிலியை நுழைப்பது விபத்தை நாமே வரவழைப்பதாகும்.

மருந்து, ரவை, கேப் மூன்றும் வேறொரு அறையில் வேறொரு பூட்டின் கீழ் இருக்கவேண்டும். அடுப்பங்கரைக்கும் சுவாமி விளக்குக்கும் அவை தூரமாயிருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உரமும் பூச்சிமருந்தும் அடுக்கும் அறையில் அவற்றைக் கலந்து வைப்பதையும் சிலரிடம் கண்டோம். பூச்சிமருந்துக்கும் ஒரு பூட்டு வேண்டும் என்பதே நம் கருத்து. ஆனால் அது தனிப் பூட்டாக இருக்கட்டும்.

சாவியின் கதையைச் சொல்லியே ஆகவேண்டும. மேலே குறிப்பிட்ட அங்கத்தினர் நம் பேச்சைத் தட்டாமல், கடையில் கொடுத்து மருந்தை எடுப்பித்து, தச்சரை அழைத்து ஒரு பெட்டியும் செய்துவிட்டார். இரண்டாம் முறை சென்றபோது பெருமிதத்துடன் காட்டினார். பூட்டு முதல்தரமானது. சாவி எங்கே என்றோம். பழைய ஆணியைக் காட்டினார்; துப்பாக்கி தொங்கிய அதே ஆணி! நாமும் சிரித்தோம், அவரும் சிரித்தார். சாவி உரிமம் பெற்றவரின் அரைஞாணிலோ இடுப்பிலோ இருக்கவேண்டும். அவர் வெளியூர் செல்லும்போதும் அதை வீட்டில் விட்டுச் செல்வது உசிதமன்று. ஏனெனில் உரிமம் மனிதருக்கே வழங்கப்படுகிறது, வீட்டுக்கு அன்று. இருபத்தொரு வயது நிறையாதவர் துப்பாக்கி வைத்திருப்பதையோ ஏந்திச் செல்வதையோ அச்சட்டத்தின் 9ஆவது பிரிவு தடுக்கிறது. முறைப்படி நடக்கும் குறிபார்க்கும் பயிற்சிக்கு மட்டுமே விலக்கு உண்டு. ஆகவே, "இன்றிரவு நீ காவலுக்குப் போ" என்று பள்ளி செல்லும் மகனிடம் துப்பாக்கியைக் கொடுத்தனுப்பும் வழக்கம் ஆபத்தானது மட்டுமன்று, சட்ட விரோதமும் ஆகும்.

இதுவரை படித்த நெசவாள அங்கத்தினர்கள், "இது விவசாயிகளின் விஷயம், எங்கள் வீட்டில் தறியும் நாடாவும் தவிர வேறென்ன இருக்கிறது?" என்று பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். அவர்களிடமே நாம் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறோம். துப்பாக்கி ஒரு வீட்டினுடையது. குழந்தைகளோ தெரு முழுவதற்கும் உரியவர்கள். பாவோடும் தெருவில் விளையாடத் தொடங்கும் பிள்ளை, மாலைக்குள் எத்தனை வீட்டுக் கொல்லையைப் பார்த்துவிட்டு வருகிறான் என்பதை எந்தத் தாயாலும் எண்ணிச் சொல்ல முடியாது. வெடித்த குண்டும் வீட்டு எல்லை அறியாது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்யும் சுடுதளத்திலிருந்து வழிதவறிய குண்டு, தாத்தாவின் வீட்டிலிருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாட்களில் அவன் இறந்துபோனான். பயிற்சி பெற்றவர்கள், அதற்கென்றே அமைத்த இடத்தில் சுட்டும் அவ்விதம் நேர்ந்தது. ஓடும் மண்சுவருமாக நெருங்கி நிற்கும் நம் தெருக்களைப் பற்றி என்ன சொல்வது? ஆகவே, குழந்தையை அடுத்த வீட்டுக்கு அனுப்பும் தாய், "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதாமே, பூட்டி வைத்திருக்கிறீர்களா அண்ணாச்சி?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கேட்கப்பட்டவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மருந்து தனித்தே செய்யும் தீமையையும் விட்டுவிடுவதற்கில்லை. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருச்சி மாவட்டம் தொட்டியம் பகுதியில், மீன் பிடிக்கும் பொருட்டுப் பெரியவர்கள் வாங்கிவைத்திருந்த வெடியைத் தின்பண்டம் என்று எண்ணிக் கடித்து ஆறு வயதுச் சிறுவன் மாண்டான். பன்றிக்காக வைக்கப்படும் அவுட்டுக்காயும் இதே இனத்தைச் சேர்ந்தது. அது எந்த உரிமத்தாலும் அனுமதிக்கப்படாதது. அதைப் பத்திரமாக வைக்கும் முறை என்று ஒன்று இல்லை. ஆதலால் அதைப் பற்றி நாம் விளக்கப்போவதுமில்லை.

மற்றொரு வகைத் துப்பாக்கி நம்மை மிகவும் அச்சுறுத்துகிறது. அது யாருடையதும் அல்லாத துப்பாக்கி. தாத்தா காலமாகி ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருக்கும். அவர் உரிமம் பெற்று வைத்திருந்த துப்பாக்கி பரணில் துணி சுற்றிக் கிடக்கும். கடைசியாக அதை யார் எடுத்தார், கெட்டித்து வைத்தாரா என்று அறிந்தவர் ஒருவரும் இரார். ஓர் ஓய்வு நாளில் பரண் ஏறும் பேரன்தான் அதைக் கண்டுபிடிப்பான். உரிமையாளர் இறந்தாலோ, உரிமம் காலாவதியானாலோ, அத்துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ, விதிகளுக்குட்பட்டு உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்துவிட வேண்டும் என்பது சட்டத்தின் 21ஆவது பிரிவு. வாரிசுகள் வேண்டினால் தம் பெயருக்கு உரிமம் கோரி மனுச் செய்யலாம். பயந்துகொண்டு பேசாமல் இருப்பதுதான் தவறு. உரிமமின்றி வைத்திருப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாதலால், தாமதம் நீள நீளச் சிக்கலும் நீளும்.

சங்கக் கூட்டம் ஒன்றில் அங்கத்தினர் ஒருவர் நல்லெண்ணத்துடன் ஒரு யோசனை கூறினார். சங்கத்துக் கிடங்கில்தான் இரும்புக் கதவும் இரட்டைப் பூட்டும் இருக்கின்றனவே, எல்லாத் துப்பாக்கிகளையும் அங்கே வைத்துவிட்டால் என்ன என்றார். நகையைப் போல் எண்ணிவிட்டார் போலும். ஒருவரது துப்பாக்கியை உரிமமில்லாத மற்றொருவர் தம் வசம் வைத்திருப்பதே குற்றமாகும். சங்கத்துக்கும் இதில் விலக்கில்லை. சங்கம் செய்யக்கூடியது, பெட்டியும் பூட்டும் ஒருங்கே செய்வித்து அங்கத்தினர்களுக்குக் கொள்முதல் விலையில் தருவது. நிர்வாகக் குழுவினர் இதைப் பரிசீலிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

இறுதியாக, கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று. குழந்தை உள்ள வீட்டில் இத்துப்பாக்கி இருந்துதான் ஆகவேண்டுமா? தமிழ்நாடு அரசு 2025ஆம் ஆண்டு ஜனவரியில் காட்டுப்பன்றியைப் பற்றி அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதியில்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவது மட்டுமே. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறையினரே சுட வேண்டும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய நம் நிலங்களில், உழவர் தம் துப்பாக்கியால் பன்றியைச் சுடுவதற்கு இதில் இடமே இல்லை. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களின் உத்தரவின்பேரில் உரிமம் பெற்றவர்கள் சுட இடமளிக்கப்பட்டிருப்பதைக் காட்டி, இங்கும் அவ்வாறு வேண்டும் என்று கேட்போர் உளர். அது வேறு விவாதம். பயிர் இழந்தவரின் கோபத்தை நாம் குறை கூறமாட்டோம். இன்றைய நிலையில் துப்பாக்கி செய்வது ஓசை எழுப்பும் வேலை ஒன்றே. அவ்வேலையைத் தகரமும் பறையும் விளக்கும் காவலாளும் ஓரளவு செய்துவிடக்கூடும். துப்பாக்கியை விட மனமில்லாதவர்கள், குழந்தை வளரும் வரையிலாவது உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் கட்டணம் செலுத்தி ஒப்படைத்து வைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

தேர்தல் காலங்களில் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி உத்தரவு வருவதும், முடிந்தபின் இரசீதைக் காட்டித் திரும்பப் பெறுவதும் உரிமம் உள்ளவர்களுக்குப் பழகிய நடைமுறையே. எனவே ஒப்படைப்பது மானக்குறைவான செயலன்று. அவ்வாறு கொண்டுசெல்பவர்கள் துப்பாக்கி வெறுமையாக இருப்பதை முன்னதாகச் சோதித்துக்கொண்டு, உரிமப் புத்தகத்தையும் உடன் எடுத்துச் செல்லவேண்டும். பரணில் கிடந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத துப்பாக்கியானால், அதைத் தொடாமல், குழந்தைகளை அப்புறப்படுத்திவிட்டு, முதலில் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் கூறுகிறபடி செய்க. திரும்பப் பெற்று வரும் நாளில், பெட்டி தயாராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது. வீட்டுக்கு வந்தபின் "இப்போதைக்கு இங்கே இருக்கட்டும்" என்று சாய்த்து வைக்கும் மூலைதான் பிறகு நிரந்தர இடமாகிவிடுகிறது.